நம்மைக் கேட்காமல் எழுதிய தீர்ப்பு: திறக்க 30 நாள்தான்

பெரணமல்லூர் சுற்றுவட்டாரத்தில் "கோர்ட்டிலிருந்து காகிதம் வந்திருக்கிறது" என்ற பேச்சு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. பயத்தில் சிலர் காகிதத்தை வாங்க மறுக்கிறார்கள். சிலர் வாங்கிக் கூரையில் செருகிவிடுகிறார்கள். சிலர் நேரே கடன் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். "நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னதை நம்பித் திரும்பி வருகிறார்கள். வழக்கு நாள் அப்படியே கடந்துபோகிறது. ஓரிரு ஆண்டு கழித்து அமீனா வாசலில் நிற்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. வழக்கு நடந்து முடிந்து, தீர்ப்பும் ஆகி, வட்டி, செலவுத்தொகை எல்லாம் சேர்ந்து, வாங்கிய கடன் பெருகி நிற்கிறது.

இதைத்தான் ஊரில் "எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது" என்கிறோம். சட்டத் தமிழில் ஒருதலைத் தீர்ப்பு. பிரதிவாதி வரவில்லை, எதிருரை தரவில்லை, வாதி சொன்னதை மறுக்க ஆளில்லை. எனவே வாதி கேட்டபடி தீர்ப்பு. நம் மக்கள் மீது போடப்படும் சிறு கடன் வழக்குகளில், கடன் உண்மையா, எவ்வளவு திருப்பிக் கொடுத்தார்கள், எவ்வளவு வட்டி பிடித்தார்கள் என்ற கேள்விகள் இப்படித்தான் கேட்கப்படாமலேயே மடிந்துபோகின்றன. இந்தத் தீர்ப்பை நீக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழிக்குக் காலக்கெடு உண்டு. அதை அறியாததால் நாம் இழப்பது பணத்தோடு நிற்பதில்லை என்பதால் இன்று இதை விரிவாகப் பேசுகிறோம்.

கையெழுத்து என்ற அடமானம்

பட்டு நெய்யும் ஊர்களில் கடன் தறியோடு சேர்ந்தே வருகிறது. பாவும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், நெய்கிறவருக்குக் கூலி. கல்யாணம், ஆஸ்பத்திரி, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று வந்தால் அதே முதலாளியிடம் முன்பணம். தறி இல்லாதவர்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நிலம் உள்ளவருக்கு வங்கியில் கடன் உண்டு, நகை உள்ளவருக்கு அடகுக்கடை உண்டு. காலனியில் இருக்கும் பலருக்கு அடமானம் வைக்க எஞ்சியிருப்பது கையெழுத்து அல்லது கைரேகை மட்டுமே.

அந்தக் கையெழுத்து எங்கே விழுகிறது என்பதுதான் பிரச்சினை. தொகை எழுதாத புரோநோட்டில் விழுகிறது. வெறும் முத்திரைத்தாளில் விழுகிறது. தேதி போடாத காசோலையில் விழுகிறது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இந்த இடத்தில் ஏழைக்கு உதவுவதில்லை. முத்திரை ஒட்டி, நிரப்பாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த தாளைப் பெற்றவர் நிரப்பிக்கொள்ளலாம் என்கிறது அதன் 20ஆவது பிரிவு. கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்டால் பணமும் கைமாறியிருக்கிறது என்று நீதிமன்றம் முதலில் அனுமானிக்க வேண்டும் என்கிறது 118ஆவது பிரிவு. அந்த அனுமானத்தை உடைக்கலாம். ஆனால் உடைக்க வேண்டியவர் கடன் வாங்கியவர். அவர் நீதிமன்றத்துக்கே வராவிட்டால் உடைப்பது யார்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேட்டவுடன் திருப்பித் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். காலம் முடியும் தறுவாயில், நூறோ ஐந்நூறோ கொடுத்ததாக நோட்டின் பின்பக்கம் "வரவு" எழுதிக் கையெழுத்து வாங்குவது ஒரு பழக்கம். அந்த ஒரு வரி மேலும் மூன்று ஆண்டு ஆயுளைக் கொடுத்துவிடும். மூன்று ஆண்டாகக் கட்டிய வட்டிக்கு ஒரு ரசீதும் இருக்காது, அந்த வரவுக்கு மட்டும் எழுத்து இருக்கும்.

சம்மன் யார் வாசலில்?

வழக்குப் போட்டதும் சம்மன் வர வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 5ஆவது கட்டளை அதற்கு முறை சொல்கிறது. நேரில் கொடுக்க வேண்டும். ஆள் இல்லை, உரிய நேரத்துக்குள் வரவும் வாய்ப்பில்லை என்றால் அவரோடு வசிக்கும் வயதுவந்த குடும்பத்தினரிடம், ஆணோ பெண்ணோ, கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வீட்டின் வெளிக்கதவில் ஒட்டலாம். ஒட்டினால், எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்று பெயர், முகவரியோடு எழுத வேண்டும்.

நம் ஊர்களில் இது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் வேறு, காலனி வேறு. வழக்கில் எழுதியிருக்கும் முகவரியில் ஊர்ப் பெயர் இருக்கும், காலனியின் தெருப் பெயர் இருக்காது. வீட்டை அடையாளம் காட்டுகிறவர் பெரும்பாலும் ஊர்த்தெருக்காரர். கடன் கொடுத்தவரும் ஊர்த்தெருக்காரர். பிரதிவாதி ஆறு மாதம் சூளையில் இருக்கிறார், அல்லது பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். "வீடு பூட்டியிருந்தது, ஒட்டப்பட்டது" என்று ஒரு வரி எழுதினால் போதும், வழக்கு ஒருதலையாக நகர்ந்துவிடும். எல்லா அமீனாவும் அப்படிச் செய்கிறார் என்று நாம் சொல்லவில்லை. கடன் கொடுத்தவர் கையிலேயே வேலையும் கூலியும் ஊர்ச் செல்வாக்கும் இருக்கும் இடத்தில், சம்மன் சரியாகச் சேர்ந்ததா என்று நீதிமன்றம் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்கிறோம்.

இது நமக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. அமெரிக்காவில் கடன் வசூல் வழக்குகளில் 70 சதவீதத்துக்கு மேல் பிரதிவாதி வராமலேயே தீர்ப்பாகின்றன என்று பியூ ஆய்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. சம்மனைக் கொடுக்காமலே கொடுத்ததாகப் பொய்க் கணக்கு எழுதுவதற்கு அந்த நாட்டு வழக்கறிஞர்கள் "சாக்கடைச் சேவை" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சம்மன் சாக்கடையில் எறியப்படுகிறது என்பது பொருள். வசதியான நாட்டிலும் ஏழையின் வாசல் நீதிமன்றத்துக்குத் தூரமாகத்தான் இருக்கிறது.

சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு

தீர்ப்பு இன்னும் வரவில்லை, ஆனால் "பிரதிவாதி வரவில்லை" என்று எழுதி வழக்கை ஒருதலையாக ஒத்திவைத்திருக்கிறார்கள் என்றால், 9ஆவது கட்டளையின் 7ஆவது விதிப்படி, தக்க காரணம் சொல்லி உள்ளே வரலாம். இதுதான் மிக எளிய வழி. அடுத்த வாய்தாவுக்கு முன்பே ஒரு வழக்கறிஞரோடு போய் நின்றால் பாதி வேலை முடிந்தது.

தீர்ப்பே ஆகிவிட்டது என்றால் அதே கட்டளையின் 13ஆவது விதி. இரண்டு காரணங்களில் ஒன்றைக் காட்டினால் தீர்ப்பை நீக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒன்று, சம்மன் முறைப்படி சேரவில்லை. இரண்டு, விசாரணை நாளில் வர முடியாதபடி போதிய காரணம் தடுத்தது. பிரசவம், விபத்து, மருத்துவமனை, வேலைக்காக வெளியூரில் இருந்தது, வழக்கறிஞர் தகவல் சொல்லாமல் விட்டது எனக் காரணம் எதுவானாலும் சான்றோடு காட்ட வேண்டும். மருத்துவமனைச் சீட்டு, சூளையில் வேலை பார்த்ததற்கான சாட்சி, பிள்ளையை வெளியூர்ப் பள்ளியில் சேர்த்த ஆவணம், எதுவும் உதவும். ஆனால் வழக்கு நாள் முன்கூட்டியே நன்றாகத் தெரிந்திருந்தும், சம்மன் சேர்த்ததில் இருந்த சிறு குறையை மட்டும் காட்டித் தப்ப முடியாது என்றும் அதே விதி சொல்கிறது.

கெடு 30 நாள். காலவரையறைச் சட்டத்தின் 123ஆவது இனம் இதைச் சொல்கிறது. தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். பத்திரிகையில் விளம்பரம் போட்டோ நீதிமன்றப் பலகையில் ஒட்டியோ செய்யும் மாற்றுமுறைச் சார்வை இந்தக் கணக்குக்கு முறையான சார்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த இனத்திலேயே விளக்கம் இருக்கிறது. ஊரில் இல்லாதவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

30 நாள் தாண்டிவிட்டால்? காலவரையறைச் சட்டத்தின் 5ஆவது பிரிவின் கீழ், தாமதத்தை மன்னிக்கக் கேட்டு இன்னொரு மனுவைச் சேர்த்துப் போட வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஏன் கடந்தது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். 13ஆவது விதி மனு தள்ளுபடியானால் 43ஆவது கட்டளைப்படி மேல்முறையீடு உண்டு. ஒருதலைத் தீர்ப்பின் மீதே நேரடியாக மேல்முறையீடு செய்யவும் 96ஆவது பிரிவு இடம் தருகிறது. ஒன்றை மறக்கக் கூடாது. மனுப் போட்டுவிட்டதாலேயே ஜப்தி நின்றுவிடாது. நிறைவேற்றத்துக்குத் தடை தனியே கேட்டு வாங்க வேண்டும்.

நீதிமன்றங்கள் சொன்னவை

நடைமுறைச் சட்டம் மக்களைத் தண்டிக்கவோ தடுக்கி விழவைக்கவோ எழுதப்பட்டதல்ல, நீதிக்கு உதவ எழுதப்பட்டது என்று 1955இல் சங்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் எழுதினார். ஒருவரைக் கேட்காமல் அவருடைய உயிருக்கும் உடைமைக்கும் எதிராக முடிவெடுக்கக் கூடாது என்பதே நம் நடைமுறைச் சட்டங்களின் அடிப்படை என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு இன்றும் எல்லா நீதிமன்றங்களிலும் எடுத்துக்காட்டப்படுகிறது. பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி, 1998. அது கடன் வழக்கு அல்ல, சொத்துரிமை வழக்கு. 1991இல் ஒருதலைத் தீர்ப்பு ஆனது. அதை நீக்கக் கேட்ட மனுவும், வழக்கறிஞர் கவனிக்காததால், 1993இல் தள்ளுபடியானது. தள்ளுபடியானதே கட்சிக்காரருக்குத் தெரியாது. தெரிந்து மனுப் போட்டபோது 883 நாள் தாமதம். விசாரணை நீதிமன்றம் மன்னித்தது, உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் உத்தரவை மீட்டுக் கொடுத்தது. தாமதம் எத்தனை நாள் என்பதைவிட, சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்றது. வேண்டுமென்றே இழுத்தடித்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது என்றும், எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட செலவை ஈடுகட்ட வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது.

எதிர்த்தரப்பு வரவில்லை என்பதற்காக நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடக் கூடாது. எதிருரை இல்லாவிட்டாலும் வழக்கில் சொல்லப்பட்டவை நிரூபிக்கப்பட வேண்டியவையா என்று நீதிமன்றம் தன் மனத்தைச் செலுத்த வேண்டும் என்று 1999இல் பல்ராஜ் தனேஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "கோரிக்கை நிரூபிக்கப்பட்டது, தீர்ப்பளிக்கப்படுகிறது" என்று இரண்டு வரி எழுதுவது தீர்ப்பாகாது. நிரப்பிய கையெழுத்து ஒன்று, கடன்காரர் கையெழுத்து ஒன்று என்று நோட்டிலேயே தெரியும்போது ஒரு கேள்வியாவது கேட்கப்பட வேண்டாமா?

எதிர்த்தரப்பின் நியாயம்

நம் வாசகர்களில் கடன் கொடுத்தவர்களும் இருப்பார்கள். பெண் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை நம்பிக் கொடுத்துவிட்டு, வாங்கியவர் முகம் கொடுக்காமல் ஓட, வேறு வழியின்றி வழக்குப் போட்ட கைம்பெண்ணும் வாதிதான். அவர் இரண்டு ஆண்டு அலைந்து பெற்ற தீர்ப்பை ஒரு மனுவில் நீக்கினால் அவருக்கு வலிக்கும். அந்த வலியை நாம் மறுக்கவில்லை. அதனால்தான் அவருக்கு அறிவிப்புக் கொடுக்காமல் தீர்ப்பை நீக்கக் கூடாது என்று 14ஆவது விதி சொல்கிறது. அண்மை ஆண்டுகளில் தாமதத்தை மன்னிப்பதில் நீதிமன்றங்கள் கடுமை காட்டுவதற்கும் இதுவே காரணம்.

தீர்ப்பை நீக்குவது கடன் தள்ளுபடி அல்ல. வழக்கு பழைய இடத்திலிருந்து மறுபடி நடக்கும், அவ்வளவுதான். கடன் உண்மை என்றால் அப்போதும் கட்டத்தான் வேண்டும். நாம் கேட்பது இரண்டு பக்கத்தையும் கேட்ட பிறகு கணக்கு எழுத வேண்டும் என்பதையே. உண்மையான கடன் கொடுத்தவருக்கு அதில் நட்டமில்லை, நிரப்பிய நோட்டை வைத்திருப்பவருக்குத்தான் நட்டம்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. தீர்ப்பை நீக்கும்போது, செலவுத்தொகை கட்டு, தீர்ப்புத் தொகையில் ஒரு பகுதியை நீதிமன்றத்தில் கட்டு என்று நிபந்தனை விதிக்க 13ஆவது விதி நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. வசதியுள்ள வியாபாரிக்கு இது பொருத்தமான நிபந்தனை. தினக்கூலிக்கு "பாதித் தொகையை நான்கு வாரத்தில் கட்டு" என்றால், கதவைத் திறந்து படியை எடுத்துவிட்டதாகத்தான் அர்த்தம். நிபந்தனை விதிக்குமுன் அந்த ஆளின் கூலி என்ன என்று கேட்பது நீதிபதிக்கு ஒரு நிமிட வேலை.

தறியைத் தூக்க முடியாது

தீர்ப்பு நின்றுவிட்டாலும் எல்லாம் போய்விட்டது என்று ஊரைவிட்டு ஓட வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு ஜப்தி செய்யக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை. கைவினைஞரின் தொழில் கருவிகள். உழவரின் ஏர்க்கருவி, மாடு, விதை தானியம். உழவரோ தொழிலாளியோ தானே குடியிருக்கும் சொந்த வீடு. தொழிலாளியின் கூலி. தறி, நாடா, அச்சு ஆகியவற்றால் பிழைக்கிறவர், "இது என் தொழில் கருவி" என்று இந்தப் பிரிவைச் சொல்லி எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தாலும் அந்த எழுத்து செல்லாது. வீட்டையே அடமானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் கணக்கு வேறு.

"கட்டாவிட்டால் ஜெயில்" என்ற மிரட்டலுக்கும் பதில் உண்டு. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கட்ட வழியில்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் தள்ளுவது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்கு விரோதம் என்றார். பணம் இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்ட மறுத்தவருக்கே உரிமையியல் சிறை. பணத் தீர்ப்பை நிறைவேற்ற எந்தப் பெண்ணையும் கைது செய்யக் கூடாது என்பது 56ஆவது பிரிவு. காசோலை வழக்கு மட்டும் குற்றவியல் வழக்கு, அதற்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. எனவே வந்த காகிதம் எந்த நீதிமன்றத்தினுடையது என்பதை முதலில் படித்துப் பார்க்க வேண்டும்.

கடனா, கொத்தடிமையா?

தலித் குடும்பங்களின் கடன் வழக்கில் எவரும் கேட்காத, ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. முன்பணம் வாங்கியதற்காகக் குறைந்த கூலிக்கோ கூலியில்லாமலோ அவரிடமே வேலை செய்ய வேண்டும், வேறு இடத்துக்குப் போகக் கூடாது என்ற கட்டு இருந்தால், அது சாதாரணக் கடன் அல்ல. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி அது கொத்தடிமைக் கடன். குறிப்பிட்ட சாதியில் பிறந்ததாலேயே சுமத்தப்படும் கட்டாய உழைப்பும் அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகிறது. கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமையே கிடையாது, அதை வசூலிக்க எந்த உரிமையியல் நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது என்கிறது 6ஆவது பிரிவு. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கடன் கொடுத்தவருடையது. ஆனால் பிரதிவாதி நீதிமன்றத்துக்கு வந்து, "ஐயா, இது கடன் இல்லை, என் உழைப்பைக் கட்டிப்போட்ட கயிறு" என்று சொன்னால்தானே நீதிபதிக்குத் தெரியும்? ஒருதலைத் தீர்ப்பில் கொத்தடிமைத்தனமும் வெறும் பணக் கடனாக எழுதப்பட்டுவிடுகிறது. பணம் கட்ட முடியாதவர் மறுபடியும் அதே முதலாளியிடம் உழைத்துக் கழிக்கப் போகிறார். இங்கேதான் இழப்பு பணத்தைத் தாண்டி மனிதரைத் தொடுகிறது.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்க 2003இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பொய்யான, தீய நோக்குள்ள, தொல்லை தரும் வழக்கைத் தலித் அல்லது பழங்குடி மக்கள் மீது தொடுப்பது வன்கொடுமை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்கிறது. உண்மையான கடனுக்குப் போட்ட வழக்கு அதில் வராது. கட்டி முடித்த கடனுக்கு, நிரப்பிய நோட்டை வைத்து மறுபடி வழக்குப் போட்டால் அந்தப் பிரிவை எடுத்துப் பார்க்கத் தயங்கக் கூடாது.

பழைய பாடம்

நீதிமன்றம் கடன் கொடுத்தவரின் கைக்கருவி ஆகிவிடக் கூடாது என்ற எண்ணம் புதிதல்ல. 1875இல் பூனா மாவட்டத்தின் சூபாவில் தொடங்கிய கலவரத்தில் விவசாயிகள் கடன் பத்திரங்களைத் தேடித் தேடி எரித்தார்கள். காரணத்தை ஆராய்ந்த குழு, கடன்காரர் வராமலே தீர்ப்புகள் குவிந்ததையும் ஒரு காரணமாகக் கண்டது. 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. பிரதிவாதியை வரவழைத்து விசாரி, பத்திரத்தை மட்டும் நம்பாமல் கடனின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து கேள், கட்டிய பணத்துக்கு ரசீது கொடு என்றது அது. வெள்ளையர் ஆட்சியே ஒரு கலவரத்துக்குப் பிறகு புரிந்துகொண்ட விஷயம் இது.

1938இல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. பழைய வட்டிகள் கழிக்கப்பட்டன. ஆன தீர்ப்புகளையும் திருத்த வழி செய்யப்பட்டது. ஆனால் "விவசாயி" என்றால் நிலத்தில் உரிமை உள்ளவர். அந்த நிலத்தில் உழைத்த சேரி மக்களுக்கு நிலம் இல்லை, எனவே அவர்களில் பெரும்பாலோருக்கு நிவாரணமும் இல்லை. உழைத்தவர் சட்டத்துக்கு வெளியே நிற்க நேர்ந்த பழைய கதைதான் அது. இன்று சட்டம் நம்மை வெளியே நிறுத்தவில்லை. தகவல் இல்லாமை நிறுத்துகிறது.

நாம் கேட்பவை

நீதிமன்றங்களிடம்: கடன் வழக்கில் ஒருதலைத் தீர்ப்பு எழுதுமுன், சம்மன் ஒட்டியவரின் அறிக்கையில் சாட்சியின் பெயர், முகவரி இருக்கிறதா, காலனியின் சரியான முகவரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் மறுபடி அனுப்புங்கள். தினக்கூலிக்குத் தாங்காத நிபந்தனை விதிக்காதீர்கள்.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம்: 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. இந்த ஒரு வரியை ஒவ்வொரு சம்மனோடும், எளிய தமிழில், 15100 என்ற உதவி எண்ணோடு அச்சிட்டு ஒட்டுங்கள். முகாமை ஊர் நடுவில் உள்ள மண்டபத்தில் நடத்தாமல் காலனிக்குள் நடத்துங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்யுமுன், அந்தக் கையெழுத்துக்கு மேல்முறையீடு கிடையாது என்பதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

மாணவர்களிடம்: இது உங்களால் முடிந்த வேலை. இ-கோர்ட்ஸ் செயலியில் மாவட்டம், நீதிமன்றம், ஆண்டு கொடுத்துக் கட்சிக்காரர் பெயரால் வழக்கைத் தேடலாம். ஆரணி, வந்தவாசி, செய்யாறு நீதிமன்றங்களில் உங்கள் தெருப் பெரியவர்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த வாய்தா நாளைக் காலண்டரில் குறித்துக் கொடுங்கள். தாத்தாவுக்கும் சித்திக்கும் வந்த காகிதத்தைப் படித்துச் சொல்லுங்கள். பட்டப்படிப்பு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் மக்களிடம்: வெற்று நோட்டில் கையெழுத்து வேண்டாம். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய பிறகே கையெழுத்து. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். தர மறுத்தால் வங்கிக் கணக்கு வழியாகவோ கைபேசி வழியாகவோ கட்டுங்கள், பதிவு இருக்கும். கடன் முடிந்த அன்றே நோட்டைத் திரும்ப வாங்குங்கள். சம்மனை மறுக்காதீர்கள். மறுத்தாலும் சேர்ந்ததாகவே கணக்கு, தேதி தெரியாமல் போவது மட்டும்தான் மிச்சம். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வழக்குப் போட்டவரே சொல்வதை நம்பி நீதிமன்றத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். சமரசம் என்றால் அது நீதிமன்றத்தில் எழுத்தில் பதிவாகட்டும்.

தீர்ப்பு ஆகிவிட்டது என்று தெரிந்தால், தெரிந்த தேதியை அன்றே எழுதி வையுங்கள். எப்படித் தெரிந்தது, யார் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். அடுத்த நாளே நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்குப் போய், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், வந்த காகிதம் மூன்றையும் கொடுத்து வழக்கறிஞர் கேளுங்கள். தீர்ப்பின் நகலுக்கு மனுப் போடுங்கள். 30 நாளில் ஒரு நாள் அங்கேயே செலவாகிறது. மீதி 29 நாள் உங்கள் கையில்.